லேஞ்சி விரித்த இருக்கைகள்

எங்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. பஸ் வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாகக் கையை விட்டு இருக்கையில் ஒரு லேஞ்சியை, கைக்குட்டையை, விரித்துவிட வேண்டும். விரித்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. அதன் பிறகு நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், பாமசியில் மருந்துக்கு வரிசையில் நிற்கலாம், கிளம்பும் நேரத்துக்கு ஓடிவந்து உட்காரலாம். பையை வைத்தால் யாராவது தூக்கி மேலே போட்டுவிடுவார்கள். குடையை வைத்தால் கண்டக்டர் சண்டைக்கு வருவார். லேஞ்சியை மட்டும் யாரும் தொடுவதில்லை. இன்னொருவர் முகம் துடைத்த துணி என்பதாலோ என்னவோ.

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கமாக மலையேறும் கடைசி பஸ் அது. அதில் லேஞ்சி போடுகிற ஆள் நான். பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. கடை பூட்டுவதற்கு முன்பே பஸ் வந்துவிடும். அதனால் துணிக்கடைப் பெண்கள், போன் திருத்தும் பையன்கள், மார்க்கெட்டில் கணக்கெழுதும் அண்ணன் எல்லோரும் போகிறபோக்கில் என் கையில் லேஞ்சியைத் திணித்துவிட்டுப் போவார்கள். நான் கொண்டுபோய் விரித்துவைப்பேன். சிங்களக் கண்டக்டருக்கு நான் மல்லி, அதாவது தம்பி. அரைகுறைத் தமிழில் கேட்பார்: "மல்லி, இது பஸ்ஸா லோண்டரியா?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பளம், கட்டாரில் கட்டட வேலை, வவுனியாவில் அரிசி ஆலை. எங்கேயும் என்னைத் துரத்தவில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். பசியிலும் கிடந்தேன், காய்ச்சலிலும் கிடந்தேன். அதெல்லாம் அந்தந்த இடத்தோடு போயிற்று. கடைசியில் தேயிலைத் தோட்டத்தில் அக்காவின் லய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு பயணப் பையும் ஒரு போனும் இருந்தன. அப்படிப்பட்டவனிடம் இத்தனை பேர் தங்கள் இடத்தைப் பிடித்துத்தரச் சொன்னது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி என்று சொன்னால் சிரிக்கக்கூடாது.

அக்கா குண்டசாலையில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ரீச்சரும் அவருடைய கணவரும். நல்ல மனிதர்கள். இரவுச் சாப்பாட்டைச் செய்து மூடிவைத்துவிட்டு, குண்டசாலையில் ஒரு பஸ் ஏறி, கண்டியில் இறங்கி, ஓடிவந்து எங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிப்பாள். லயத்தில் மகள் இருக்கிறாள். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவள். அத்தான் போன பிறகு அக்கா மகளை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ரீச்சர் பல தடவை சொல்லிவிட்டார்.

"ஏன் பிள்ளை இப்பிடி ஓடித் திரியிறீர்? பின்னறை சும்மாதானே கிடக்கு. இஞ்சயே நில்லும்."

"பஸ் இருக்கும்மா," என்பாள் அக்கா. அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

பஸ் அவளுக்காக நிற்கும். குண்டசாலை பஸ் பிந்தினால் எங்கள் டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி "குண்டசாலை அக்கா இன்னும் காணோம்" என்பார். உள்ளே இருப்பவர்கள் உச்சுக்கொட்டினாலும் யாரும் போகச் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு அவள், நாளைக்கு வேறொருவர்.

பிறகுதான் போன் வந்தது. போன் முன்பே இருந்தது. போனில் வண்டி கூப்பிடுவது வந்தது. ஆட்டோ வரும், கார் வரும், பின்னால் ஏறிக்கொள்ள மோட்டார் சைக்கிளும் வரும். நானும் சில மாலைகளில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அம்பிட்டிய ஏற்றத்தில் காற்று முகத்தில் அடிக்கப் போயிருக்கிறேன், அக்காவுக்குச் சொல்லாமல். அப்புறம் தலாத்துஓயாக்காரர் ஒருவர் வேன் ஒன்றைப் போட்டார். அதற்குப் போனில் ஒரு குரூப். காலையில் பெயரைப் போட்டால் மாலையில் கடை வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவார். நனைய வேண்டாம், நிற்க வேண்டாம், பஸ்ஸை விடவும் சீக்கிரம். துணிக்கடைப் பெண்கள் முதலில் போனார்கள். மார்க்கெட் அண்ணன் போனார். என் கையில் விழும் லேஞ்சிகள் குறைந்துகொண்டே வந்தன.

அக்காவால் வேனில் வர முடியாது. கடைகள் பூட்டும் நேரத்துக்கு வேன் போய்விடும்; அந்நேரம் அவள் குண்டசாலையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பொறுத்துப் போக முடியுமா என்று வேன்காரரிடம் கேட்டுப்பார்த்தேன். "ஒருத்தருக்காக நின்னா மத்தவங்க வேற வேன் பாப்பாங்க தம்பி," என்றார். அவர் சொன்னதில் தவறு சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கண்டி குட்ஷெட்டில் அப்போது புதிய பஸ் நிலையத்து வேலை நடந்துகொண்டிருந்தது. மாடி மாடியாக வருமாம், எந்த பஸ் எப்போது வரும் என்று பலகையில் எழுத்து ஓடுமாம் என்று கடையில் பேசிக்கொள்வார்கள். எங்கள் பஸ் வீதியோரத்துச் சேற்றில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மாலை கண்டக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மல்லி, பஸ் முதலாளி கடைசி ட்ரிப்பை வெட்டக் கேட்டிருக்கு. டீசல் காசும் வரல்ல. ஆனா பர்மிட் ட்ரிப், சும்மா வெட்ட ஏலாது. பர்மிட் ஒப்பீஸ்ல இருந்து ஒரு மஹத்தயா வந்து பாப்பாரு, ஆள் இருக்கா இல்லயான்னு. இந்தக் கிழமை ஏதோ ஒரு நாள்."

"ஆள் இருந்தா?"

"இருந்தா ஓடும்."

அன்றிரவு நான் அந்தக் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டேன். எழுதினால் பிழை வரும். இந்த ஒரு கிழமை மட்டும் எல்லோரும் பஸ்ஸில் வாருங்கள், இல்லாவிட்டால் கடைசி பஸ் நின்றுவிடும் என்றேன். மளமளவென்று பதில் வந்தது. கட்டாயம் வாறோம் அண்ணே. நம்ம பஸ் இல்லையா. எனக்கும் ஒரு சீட் போட்டு வைங்க. எனக்கும். எனக்கும். துணிக்கடைப் பெண்ணொருத்தி சிரிக்கிற முகங்களாக வரிசையாக அனுப்பியிருந்தாள். அக்காவிடம் போனைக் காட்டினேன். அவளுடையது பட்டன் போன், அந்தக் குரூப்பில் அவள் இல்லை.

"பாத்தியா, எல்லாரும் வர்றாங்க."

"வரட்டும்," என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "மாமா இருக்கறதுனால ஒரு காரியம் நடக்குது," என்றாள். இதைச் சொல்லும்போது அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போவது கஷ்டமாக இருக்கிறது.

முதல் இரண்டு மாலைகளும் சொன்னபடி வந்தார்கள். பழைய நாள் மாதிரி இருந்தது. பின் சீட்டில் பாட்டு, கண்டக்டருக்குக் கேலி, ஜன்னலோரத்துக்குச் சண்டை. அந்த இரண்டு நாளும் மஹத்தயா வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானத்திலிருந்து மழை. அன்று ஆளாளுக்கு வேலை, லேஞ்சி கொண்டுவந்து தரவில்லை, போனிலேயே சீட் போடச் சொல்லிவிட்டார்கள். முதல்நாள் கொடுத்தவை என்னிடம் இருந்தன. போதாததற்குக் கடையிலிருந்த சுத்தமான துடைக்கிற துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். பஸ் வந்ததும் ஏறி, கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு துணி விரித்தேன். பின்பக்கத்தில் கொஞ்சம் தவிர மிச்ச இடமெல்லாம் துணியாயிற்று.

கறுப்புக் குடையோடு ஒருவர் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர்தான்.

பெரியாஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து வந்தவர்கள் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். வரிசை வரிசையாக லேஞ்சி. "சீட் இல்ல போலருக்கு," என்று ஒரு கிழவர் தன் மனைவியிடம் சொன்னார். இரண்டு பேரும் இறங்கி, தங்களைப் போலவே திரும்பிய இன்னொருவரோடு சேர்ந்து ஓர் ஆட்டோவில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னாலும் சிலர் அப்படியே திரும்பினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிரம்பிவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதுதான் இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிற இடம். அவர்கள் திரும்பிப் போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பின்னால் இருந்த இடங்கள் நிரம்பிய பிறகும் சிலர் ஏறி நின்றார்கள். அதில் ஒரு பெண், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் எக்ஸ்ரே உறை. மழை படாமல் அதைச் சேலைக்குள் செருகியிருந்தாள். துணி விரித்த இருக்கை ஒன்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றாள்.

கடைசியாக அக்கா ஓடி வந்தாள், தலையெல்லாம் ஈரம். உள்ளே பார்த்தவள் சிரித்தாள்.

"எனக்கு எதுடா?"

கேட்டவர்களுக்கெல்லாம் போட்டிருந்தேன். அக்கா கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கிறவள் இல்லை என்பதால் அவளுக்கு ஒன்று போடவேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவளுக்கு ஒரு துணி இல்லை.

"இந்தா, இதுல ஒண்ண எடுத்துடுறேன்," என்றேன்.

"வேணாம்டா. அவங்க வந்துருவாங்க. நான் நிக்கிறேன்."

அந்நேரம் குரூப்பில் செய்தி: ஏரிக்கரையில ஏறுறோம் அண்ணே, போங்க. பஸ் கிளம்பியது. ஏரிக்கரையில் வேகம் குறைந்தது. மழையில் யாரும் நிற்கவில்லை. அம்பிட்டியவிலும் யாரும் இல்லை. மஹத்தயா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்போதே எல்லாத் துணியையும் உருவிவிட்டு நிற்கிறவர்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவை வெறும் துணி என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பஸ் ஹோல்ட்டில் ஏறுவார்கள், அடுத்ததில் ஏறுவார்கள் என்று இருந்தேன். வளைவுக்கு வளைவு அந்தப் பெண் ஒரு பக்கம் சாய்ந்தாள், அக்கா மறுபக்கம் சாய்ந்தாள். நடுவில் வெள்ளையும் நீலமுமாக லேஞ்சிகள் நேராக உட்கார்ந்திருந்தன.

தலாத்துஓயாவுக்கு முன்னால் வேன் எங்களை முந்தியது. உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். துணிக்கடைப் பெண்கள், போன் பையன்கள், மார்க்கெட் அண்ணன் எல்லோரும் இருந்தார்கள். சிரிக்கிற முகங்களை அனுப்பியவள் என்னைக் கண்டு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கையாட்டினாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மழையில் வேன் பிந்தித்தான் கடை வாசலுக்கு வந்திருக்கிறது, ஏறியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன். பழக்கத்தில் நானும் பதிலுக்குக் கையாட்டினேன். அதை பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

மஹத்தயா எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். எக்ஸ்ரே பெண்ணிடம் ஏன் நிற்கிறாய், உட்காரேன் என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆள் இருக்குங்க சார்," என்றாள் அவள்.

எங்கே ஆள் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்டாரில் ஒரு தடவை செய்யாத களவுக்கு என்னை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். அதுகூட இப்படி இருக்கவில்லை. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"துணிக்கு நான் டிக்கெட் கிழிக்க ஏலாது மஹத்தயா," என்றார் கண்டக்டர். நிலைமையைச் சமாளிக்கத்தான் சொல்லியிருப்பார். பின்னால் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. குனிந்து அந்த இருக்கையிலிருந்த லேஞ்சியை எடுத்தாள், நான்காக மடித்தாள், என் கையில் வைத்தாள்.

"உக்காருங்கம்மா. இதுக்கு ஆள் இல்ல," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

அதன் பிறகு நின்றவர்கள் ஒவ்வொருவராக லேஞ்சியை எடுத்து, அவர்களும் மடித்து, கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் சேர்த்தார்கள். யாரும் வீசவில்லை. வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நிறைய இடம் மிச்சம் இருந்தது. திரும்பிப் போன கிளினிக்காரர்கள் உட்கார்ந்திருக்கவேண்டிய இடம்.

மஹத்தயா தலாத்துஓயாவில் இறங்கினார். இறங்கும்போது டிரைவரிடம், கண்டியில் ஆள் ஏறவந்ததைப் பார்த்தேன், ஏறாமல் போனதையும் பார்த்தேன், நான் என்னவென்று போய்ச் சொல்வது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டிரைவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தியில் இறங்கி லயத்துக்கு ஏறும்போது அக்கா முன்னால் நடந்தாள். பாதி தூரத்தில் நின்று, "எல்லாத்தையும் தொவச்சுக் குடுத்துரு. ஈரமா இருக்கு," என்றாள். அவ்வளவுதான். அன்றைய நாளைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பியிருப்பேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் கடைசி பஸ் நின்றது. நான் லேஞ்சி போடாமல் இருந்திருந்தால் ஓடியிருக்குமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "அது தெரியாது மல்லி," என்றார். இன்றைக்கும் தெரியாது. லேஞ்சிகளைத் துவைத்து ஒரு பையில் போட்டு வைத்தேன். இரண்டொருவர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள், "ஐயோ, அது கெடக்கட்டும் அண்ணே," என்றார்கள். யாருக்கும் அது என்ன நாள் என்று நினைவில்லை.

அக்கா ரீச்சர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருவாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போவாள். மற்ற இரவுகளில் அக்கா மகளுக்குத் துணை நான். அவள் படிக்கும்போது நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். சில நேரம் குண்டசாலைக்குப் போன் போட்டு, "அம்மா, மாமா இன்னிக்கும் ரொட்டியக் கருக்கிட்டாரு," என்று சொல்லிச் சிரிப்பாள். பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். நேரத்துக்கு வீடு வரவேண்டும் என்பதால் நானும் வேனில்தான் வருகிறேன். வேனில் துணி போடத் தேவையில்லை, ஆளுக்கு ஆள் இடம் உண்டு. மழை நாளில் கண்ணாடிக்கு வெளியே பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போகிறவர்களைக் கண்டால் எக்ஸ்ரே பெண்ணா என்று பார்ப்பேன். வேனை நிறுத்தச் சொன்னதில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேனை விட்டுவிட்டு, அக்கா வரும்வரை கண்டியில் நின்று போனில் ஆட்டோ போடுவேன். போன வெள்ளிக்கிழமை முதலில் வர ஒப்புக்கொண்டவர் கூப்பிட்டு எங்கே போகவேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"தோட்டத்துப் பக்கமா? அந்த ரோட்டுல வண்டி ஒடஞ்சிரும்," என்று வெட்டிவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"டயர் பஞ்சராம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பழைய பஸ் நிற்கும் இடத்தில் கட்டடத் தகரத்தில் சாய்ந்துகொண்டு நின்றோம். இரண்டாவது ஆள் வந்தார். இளம்பிள்ளை, தமிழ்ப் பையன், பாட்டுப் போட்டிருந்தான். தலாத்துஓயா தாண்டி இருட்டத் தொடங்கிய வீதியில் ஓர் அம்மா சாமான் பையோடு நடந்துகொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. நான் பார்த்தேன், பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அக்கா டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் நிறுத்துப்பா. அந்தம்மாவையும் ஏத்திக்குவோம்."

"அப்படி ஏத்த ஏலாதுக்கா. இது ஆப்ல வந்த ஹயர். இது பஸ் இல்ல."

"தெரியும் தம்பி. பஸ்ஸா இருந்தா ஒங்கிட்டக் கேக்கணுமா?"

அவன் சிரித்துவிட்டு ஓரங்கட்டினான். அந்த அம்மா நம்பாமல் நின்றார். அக்கா என் பக்கமாக நகர்ந்து, மடியில் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் விழுந்த இடத்தைக் கையால் துடைத்தாள்.

"ஏறுங்கம்மா," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "கால மடக்குடா," என்றாள். மடக்கினேன்.